பைட்டியே, பைட்டியே!

மக்களவை காலை 11 மணிக்குக் கூடும். நான் டெல்லியில் போய் இறங்கிய 1988இலும் 11 மணிதான். இன்றும் 11 மணிதான். அந்த மட்டில் நாடாளுமன்ற மரபு கட்டிக்காக்கப்பட்டிருக்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். கூடிய சபை எப்போது கலையும் என்பதுதான் மாறிப்போன சங்கதி. அந்தக் காலத்தில் மாலை 6 மணிக்குக் கலைந்தால் ‘இன்றைக்குச் சீக்கிரம்’ என்போம். இப்போது சில நாள் 11 மணிக்குக் கூடி, நாலு நிமிஷத்தில் கலைந்து, 12 மணிக்குக் கூடி, மறுபடி கலைந்து, 2 மணிக்குத் தலைகாட்டிவிட்டு, ‘நாளைக் காலை 11 மணிக்கு’ என்று போய்விடுகிறது. 11 மணி என்பதில் மட்டும் எல்லாக் கட்சிக்கும் கருத்தொற்றுமை.

மாறாத இன்னொன்று, சபாநாயகர் நாற்காலியிலிருந்து வரும் ‘பைட்டியே, பைட்டியே!’ உட்காருங்கள், உட்காருங்கள். பல்ராம் ஜாக்கர் அதை அதட்டிச் சொல்வார். சிவராஜ் பாட்டீல் விதியை விளக்கிவிட்டுச் சொல்வார். சங்மா சிரித்துக்கொண்டே சொல்வார். மீரா குமார் சொன்னால் நமக்கே பாவமாக இருக்கும். ஓம் பிர்லா சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறார். யார் எப்படிச் சொல்லியும் உடனே உட்கார்ந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

நான் போனபோது ராஜீவ் காந்தி பிரதமர். ஆளும் கட்சிக்கு 400க்கு மேல் உறுப்பினர்கள். எதிர்வரிசையில் ஆகப் பெரிய கட்சி தெலுங்கு தேசம். 1984 தேர்தலில் அதற்குக் கிடைத்தது 30 இடம். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு, ‘இந்தச் சபையில் என்ன செய்தி கிடைத்துவிடப் போகிறது?’ என்று பத்திரிகையாளர் மாடத்தில் கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன். முன்வரிசையில் ஒரு நரைத்த தலை திரும்பியது.

“எந்த ஊருவே?”

“கோவில்பட்டி, அண்ணாச்சி.”

“ஆளு எண்ணிச் செய்தி எழுததுக்குக் கோவில்பட்டியிலயே இருந்திருக்கலாம்லா? பேசாமக் கவனியும்.”

அப்படி வாய்த்தவர்தான் அண்ணாச்சி. வேறொரு பத்திரிகைக்காரர். என்னைவிட இரண்டு தலைமுறை சபாநாயகர்களைக் கூடுதலாகப் பார்த்தவர். எனக்குச் சம்பளம் கொடுத்தது என் பத்திரிகை. வேலை சொல்லிக் கொடுத்தது அவர்.

முதல் பாடம் கேள்வி நேரம். ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகள். அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டியவை அவை. நட்சத்திரம் இல்லாத கேள்விகள் 200க்கு மேல். அவற்றுக்கு எழுத்தில் பதில் வரும். முதல் வகைப் பட்டியல் பச்சைத் தாளில், இரண்டாவது வெள்ளைத் தாளில். உறுப்பினர் 15 நாள் முன்னதாக எழுதிக் கொடுக்க வேண்டும். குலுக்கலில் பெயர் விழ வேண்டும். விழுந்தாலும் 20இல் ஐந்தாறுக்குமேல் சபையில் எட்டிப் பார்ப்பதில்லை. 12 மணி அடித்துவிடும். இத்தனை சல்லடை தாண்டி ஒரு கேள்வி எழுந்து நிற்பதே பெரிய காரியம்.

அமைச்சரின் முதல் பதில் அச்சடித்து வந்திருக்கும். அதில் செய்தி இராது என்பது அண்ணாச்சியின் தீர்மானமான அபிப்பிராயம். செய்தி, அடுத்து வரும் துணைக் கேள்வியில் இருந்தது. அதை யாரும் முன்கூட்டி எழுதிக் கொடுப்பதில்லை. கேள்வி கேட்டவருக்கு இரண்டு உண்டு. பிறகு சபாநாயகரின் கண்ணில் படுகிறவர்களுக்கெல்லாம் உண்டு. அமைச்சர் தன் சொந்தச் சரக்கில் பதில் சொல்ல வேண்டிய இடம்.

“கேக்குதவன் மூஞ்சியப் பாக்காதீரும். மந்திரி மூஞ்சியையும் பாக்காதீரும். அந்தா, சபாநாயகருக்கு வலப்பக்கம் அதிகாரிங்க உக்காந்திருக்காங்கல்லா? அந்த மூஞ்சிங்களப் பாரும்.”

பார்த்தேன். துணைக் கேள்வி இடக்காக விழுந்த மறுநொடி அங்கே ஒரு சலசலப்பு. ஒருவர் கோப்பைப் புரட்டுவார். ஒருவர் துண்டுச் சீட்டில் எழுதுவார். சீட்டு கைமாறி அமைச்சரிடம் வரும்வரை, அவர் ‘மாண்புமிகு உறுப்பினர் மிக முக்கியமான கேள்வியைக் கேட்டிருக்கிறார்’ என்று நீட்டிக்கொண்டிருப்பார். சீட்டு எவ்வளவு நேரத்தில் வருகிறது, வந்த சீட்டைப் படித்த அமைச்சரின் குரல் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதிலிருந்து மறுநாள் தலைப்பை ஊகித்துவிடுவார் அண்ணாச்சி. பெரும்பாலும் சரியாக இருக்கும்.

கேள்விக்கு எவ்வளவு சக்தி என்பதற்கு அவர் வைத்திருந்த ஒரே உதாரணம் முந்த்ரா விவகாரம். 1957இல் ஆயுள் காப்பீட்டுக் கழகம் முந்த்ரா என்ற தொழிலதிபரின் கம்பெனிப் பங்குகளில் ஒன்றேகால் கோடி ரூபாய் போட்ட கதை. சபையில் அது முதலில் சாதாரணக் கேள்வியாகத்தான் வந்தது. பிறகு ஃபெரோஸ் காந்தி பிடித்துக்கொண்டார். அவர் ஆளும் கட்சி உறுப்பினர். பிரதமர் நேருவின் மாப்பிள்ளை. கேள்வி விவாதமாகி, விவாதம் நீதிபதி சாக்ளாவின் விசாரணையாகி, 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். நம் ஊர்க்காரர் பதவி போனதில் அண்ணாச்சிக்கு வருத்தமும் உண்டு. சொந்தக் கட்சிக்காரரே கேட்டாரே என்பதில் பெருமையும் உண்டு. ‘அப்பல்லாம்...’ என்று பெருமூச்சு விடுவார். பிறகு நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1957இல் அண்ணாச்சி டெல்லிக்கே வந்திருக்கவில்லை. அது அவருடைய அண்ணாச்சி அவருக்குச் சொன்ன ‘அப்பல்லாம்’.

ஆகவே என் ‘அப்பல்லாம்’ பற்றியும் வாசகர்கள் கொஞ்சம் உப்புப் புளி போட்டே சாப்பிட வேண்டும். 1988 ஆகஸ்டுக் கடைசியில் இதே மக்களவை அவதூறு மசோதா ஒன்றை நிறைவேற்றியது. பத்திரிகைக்காரர்களை உள்ளே தள்ளுவதற்கு வசதியான மசோதா. போஃபர்ஸ் பீரங்கி பேர ஊழல் புகார் வெடித்துக்கொண்டிருந்த நேரம் அது. அறிமுகம் செய்ததற்கும் மக்களவை நிறைவேற்றியதற்கும் நடுவே எங்களுக்கு மூச்சுவிட நேரம் கொடுக்கவில்லை. மாடத்தில் உட்கார்ந்து, எங்களைப் பற்றிய மசோதாவை நாங்களே குறிப்பெடுத்தோம். நாடு முழுக்கப் பத்திரிகைக்காரர்கள் தெருவுக்கு வந்த பிறகு செப்டம்பரில் அரசு அதைக் கைவிட்டது. எதிர்வரிசை தடுத்து நிறுத்தியது என்று சொல்ல ஆசைதான். 400க்கு எதிரே எது நிற்கும்? தெருதான் நிறுத்தியது.

இப்போது நான் சென்னையில், வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து சன்சத் டிவி பார்க்கிறேன். மாடத்து அனுமதிச் சீட்டும் வேண்டாம், சட்டைப் பைச் சோதனையும் வேண்டாம். 1980களின் கடைசியில் குடியரசுத் தலைவர் உரை தூரதர்ஷனில் வந்ததையே வியந்து எழுதினோம். 1990களில் கேள்வி நேரம் வந்தது. வீட்டிலிருப்பவர்கள் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் உறுப்பினர்களின் சலவைச் செலவு கூடியது. தூங்குகிறவர்கள் கேமராவுக்கு அப்பாலிருந்த வரிசைக்குப் போனார்கள். 2006இல் சோம்நாத் சாட்டர்ஜி காலத்தில் மக்களவைக்கென்றே தனி டிவி வந்தது. ஜனநாயகம் கண்ணாடி வீட்டுக்குக் குடிபோய்விட்டது என்று அன்றைக்கு நானும் ஒரு கட்டுரை எழுதினேன்.

கண்ணாடி வீடுதான், ஆனால் எந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கலாம் என்பதை வீட்டுக்காரர் தீர்மானிக்கிறார். சபையில் அமளி கிளம்பினால் திரை முழுக்க சபாநாயகர் முகம் மட்டும் இருக்கும். சத்தம் கேட்கும், யார் போடுகிறார், கையில் பிடித்திருக்கும் அட்டையில் என்ன எழுதியிருக்கிறது, ஒன்றும் தெரியாது. அதிகாரிகள் வரிசை எப்போதுமே தெரியாது. அண்ணாச்சி இருந்தால் டிவி பெட்டியின் பக்கவாட்டில் எட்டிப் பார்த்திருப்பார்.

சொல்லை நீக்கும் வழக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அன்று சபாநாயகர் ‘அவைக்குறிப்பிலிருந்து நீக்கு’ என்றால் அந்தச் சொல் செத்தது. அச்சில் போட்டால் உரிமை மீறல் என்று பத்திரிகை ஆசிரியரைக் கூப்பிட்டு நிற்கவைப்பார்கள். ஆகவே அது எங்கள் நூறு பேர் காதோடு போயிற்று. சாயங்காலம் டீ குடிக்கும்போது சொல்லிச் சிரிப்போம். இன்று சொல் முதலில் நாடு முழுக்க நேரலையில் போய்விடுகிறது. பிறகு குறிப்பிலிருந்து நீக்குகிறார்கள். 2022இல் நாடாளுமன்றத்துக்கு ஒவ்வாத சொற்களின் புதுத் தொகுப்பு ஒன்று வந்தது. எந்தச் சொல்லெல்லாம் கூடாது என்று பத்திரிகைகள் பட்டியல் போட்டு அச்சடித்தன. குறிப்பு மட்டும் பளிச்சென்று இருக்கிறது.

கேள்விக்கு வருவோம். எங்கள் பத்திரிகையின் டெல்லி நிருபர் இப்போது ஒரு மதுரைப் பெண். வாரத்துக்கு ஒரு தடவை போனில் பேசுவாள்.

“பதில் எல்லாம் வெப்சைட்ல வந்துடுது சார். உங்க காலம் மாதிரி கட்டுக் கட்டா வாங்கிட்டு ஓட வேண்டாம்.”

“துணைக் கேள்வி என்ன வந்ததும்மா?”

“கேள்வி நேரமே நடக்கலையே சார்.”

இதுதான் இன்றைய ஏற்பாட்டின் அழகு. எழுத்துப் பதில் குறையில்லாமல் வருகிறது. மை கையில் ஒட்டுவதில்லை. ஆனால் மேலே சொன்ன சீட்டு கைமாறுகிற அந்த நேரம், அமைச்சர் தடுமாறுகிற அந்த நேரம் இருக்கிறதே, அது நாலு நிமிஷச் சபையில் அடிபட்டுப் போகிறது. அமளி செய்வது எதிர்க்கட்சி, காப்பாற்றப்படுவது அமைச்சர். எந்தக் கட்சி எதிர்வரிசைக்குப் போனாலும் இந்த உதவியைச் செய்யத் தவறியதில்லை. 2010 குளிர்காலத் தொடர் முழுக்க அலைக்கற்றை விவகாரத்தில் முடங்கியபோது அட்டை பிடித்தவர்கள் இன்று ஆளும் வரிசையில் இருந்துகொண்டு, அட்டை பிடிப்பது மரபல்ல என்கிறார்கள். அன்று மரபைப் பற்றிப் பேசியவர்கள் இன்று அட்டை எழுதுகிறார்கள்.

பதிலின் நடையும் மாறியிருக்கிறது. அன்று சங்கடமான கேள்விக்கு ‘தகவல் திரட்டப்பட்டு வருகிறது, சபையின் மேஜையில் வைக்கப்படும்’ என்பார்கள். அது ஒரு வாக்குறுதி. அரசு உறுதிமொழிகளுக்கென்று சபையில் ஒரு குழுவே உண்டு. அது பட்டியல் போட்டு விடாமல் துரத்தும். இரண்டு வருஷம் கழித்தாவது ஏதோ ஒரு தாள் மேஜைக்கு வந்து சேரும். 2020 செப்டம்பரில், ஊரடங்கின்போது ஊர் திரும்பிய தொழிலாளர்களில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று கேட்டதற்கு, அப்படிப்பட்ட தகவல் பராமரிக்கப்படவில்லை என்று எழுத்துப் பதில் வந்தது. துரத்துவதற்கு இதில் ஒன்றுமில்லை. அந்தத் தொடரில் கேள்வி நேரமும் கிடையாது, ஆகவே துணைக் கேள்வியும் கிடையாது. நோய்த் தொற்றுக் காலம். வாய்விட்டுக் கேட்டால் பரவும் என்று நினைத்தார்களோ என்னவோ.

கேள்விக்குக் காசு வாங்கிய கதையும் நடுவில் ஒன்று உண்டு. 2005 டிசம்பரில் ஒரு தொலைக்காட்சியின் ரகசியக் கேமராவில் சிக்கி இரு அவைகளிலுமாக 11 உறுப்பினர்கள் பதவி இழந்தார்கள். அவமானமான நாள்தான். ஆனால் அப்போதே ஓய்வு பெற்றுத் திருநெல்வேலிக்குப் போய்விட்டிருந்த அண்ணாச்சி போனில் சொன்னது வேறு: “கேள்விக்கு இன்னும் வெல இருக்குன்னு தெரியுதுலா?”

12 மணிக்குப் பிறகு நடப்பது ஜீரோ அவர். விதிப் புத்தகத்தில் இப்படி ஒரு நேரமே கிடையாது. 1960களில் தானாக முளைத்தது. அன்று அதன் ஒரே விதி, தொண்டை. பத்துப் பேர் சேர்ந்து எழுவார்கள். எவர் குரல் மிஞ்சுகிறதோ அவர் தொகுதிக்குத் தண்ணீர் வரும், ரயில் நிற்கும். இன்று அது அழகாக நடக்கிறது. முன்கூட்டியே மனு, வரிசைப்படி அழைப்பு, நேரம் முடிந்தால் மைக் நின்றுவிடும். 2019 ஜூலை 18 அன்று இரவு வரை உட்கார்ந்து 160 பேருக்கு மேல் பேசவைத்தார் ஓம் பிர்லா. பாராட்ட வேண்டிய காரியம், பாராட்டிவிடுகிறேன். விதியில் இல்லாத நேரம் விதிப்படி நடக்கிறது. விதியில் இருக்கிற கேள்வி நேரம்தான் நடக்கக் காணோம். தவிர, ஜீரோ அவரில் பேசியதற்கு அமைச்சர் அங்கேயே பதில் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எல்லாருக்கும் பிடித்திருப்பதில் ஆச்சரியமில்லை.

மதியச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம். வட்டக் கட்டடத்தின் நடுவே மைய மண்டபம். அரசியல் நிர்ணய சபை கூடிய இடம். மின்விசிறிகள் உச்சியிலிருந்து தொங்காமல் தரையிலிருந்து கம்பத்தில் எழுந்து நிற்கும். முதல் தடவை பார்க்கிறவர் தலை சுற்றிப் போவார். சபையில் ஒருவரையொருவர் கிழித்துக்கொண்ட இருவர் அங்கே ஒரே தட்டு டோஸ்ட்டைப் பங்கிட்டுக்கொண்டிருப்பார்கள். கூட இருக்கும் மூத்த நிருபர் காதைத் தீட்டிக்கொண்டு காபி குடிப்பார். அரசாங்கங்கள் கவிழ்ந்த செய்தி முதலில் அங்கேதான் கசியும். பேசியது பேசியவர் பெயரில் அச்சாகாது என்பது எழுதாத ஒப்பந்தம். அதனால் உண்மை பேசினார்கள்.

ரயில்வேக்காரர்கள் நடத்திய கேன்டீனில் சாப்பாடு அநியாய மலிவு. நாடு முழுக்க அதைப் பற்றித் திட்டியது நியாயம்தான். 2021இல் மானியத்தை எடுத்தார்கள். சைவச் சாப்பாடு 100 ரூபாய், அசைவ பஃபே 700. சரியான முடிவு. அதற்கு முந்திய வருஷமே கொரோனாவைக் காட்டி நிருபர்களுக்கு மைய மண்டபக் கதவைச் சாத்தியிருந்தார்கள். தொற்று போயிற்று, கதவு திறக்கவில்லை. 2023 செப்டம்பரில் சபையே புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டது. முக்கோணக் கட்டடம், மக்களவைக்கு 888 இருக்கை, மைய மண்டபம் கிடையாது. திறப்பு விழாவுக்கு நம் ஆதீனங்கள் போய்ச் செங்கோல் கொடுத்தார்கள், ஓதுவார்கள் தேவாரம் பாடினார்கள், தமிழ்நாட்டுக்கு ஏகப் பெருமை. மறுவருஷ மழையில் முகப்புக் கூடத்தில் ஒழுகியது. அடியில் வைத்த நீல வாளியைப் படம் பிடித்து உலகத்துக்குக் காட்டியவர் விருதுநகர் உறுப்பினர் மாணிக்கம் தாகூர். ஆக அதிலும் தமிழகத்தின் பங்கு உண்டு.

அதே 2024 ஜூலையில், உறுப்பினர்கள் போய்வரும் மகர துவார வாசலருகே நிருபர்களுக்கென்று ஒரு கண்ணாடி அடைப்பு வைத்தார்கள். மதுரைப் பெண் அதற்குள் நின்றபடி எடுத்த படத்தை எனக்கு அனுப்பினாள். 1988இல் மசோதா போட்டும் முடியாத காரியம். கொஞ்சம் கண்ணாடியும் அலுமினியச் சட்டமும் போதுமாக இருந்திருக்கிறது. நிருபர்கள் சத்தம் போட்டார்கள், ராகுல் காந்தி சபையில் பேசினார், சபாநாயகர் அழைத்துப் பேசினார்.

குரங்குகளை மறந்துவிட்டேனே. அன்றும் இன்றும் சபை வளாகத்துக்குத் தங்குதடையின்றி வந்துபோகிறவை அவை. 2014இல் நாடாளுமன்றத்திலேயே இதற்கு எழுத்துப் பதில் ஒன்று வந்தது: குரங்குகளை விரட்ட, கருமுகக் குரங்குபோல் குரல் கொடுக்கத் தெரிந்த 40 பேரை புது டெல்லி நகராட்சி மன்றத்தார் வேலைக்கு வைத்திருக்கிறார்கள் என்று அமைச்சர் வெங்கய்ய நாயுடு தெரிவித்திருந்தார். கேட்ட கேள்விக்கு நேரான, எண்ணிக்கையோடு கூடிய, மழுப்பல் இல்லாத பதில். அண்ணாச்சிக்கு வெட்டி அனுப்பினேன்.

பிற்பகல் மசோதாக்களுக்கு. 1980களில் மத்தியான விவாதம் தூக்கம் வரவழைக்கும். கோரம் எனப்படும் குறைந்தபட்ச வருகைக்கு 55 பேர் இல்லாமல் மணி அடித்துக்கொண்டே இருக்கும். ஆனால் பேசுகிறவர் புள்ளிவிவரத்தோடு வருவார். முந்திய தலைமுறையில் இரா. செழியன் பேசும்போது ஆளும் கட்சிக்காரர்கள் நூலகத்திலிருந்து திரும்பி வருவார்கள் என்பார்கள். இன்று வேகம்தான் பெருமை. வேளாண் சட்டங்கள் மூன்றையும் திரும்பப் பெறும் மசோதா 2021 நவம்பர் 29 அன்று விவாதமே இல்லாமல் சில நிமிஷத்தில் மக்களவையில் நிறைவேறியது. ஒரு வருஷம் விவசாயிகள் சாலையில் உட்கார்ந்து விவாதித்தது போதும் என்று விட்டுவிட்டார்கள் போலும். 15ஆவது மக்களவையில் 71 சதவீத மசோதாக்கள் குழுக்களின் ஆய்வுக்குப் போயின. 17ஆவது மக்களவையில் 16 சதவீதம். 17ஆவதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலான மசோதாக்கள் ஒரு மணி நேரம்கூடப் பேசப்படாமல் தேறின.

வெளியேற்றத்திலும் வளர்ச்சி உண்டு. 1989 மார்ச் 15 அன்று, இந்திரா காந்தி கொலை பற்றிய தாக்கர் அறிக்கையைக் கேட்டுக் கூச்சல் போட்டதற்காக ஒரே நாளில் 63 பேரை இடைநீக்கம் செய்தார்கள். அந்த வாரம் முடியும்வரை. நாங்கள் அதைச் சரித்திரம் என்று எழுதினோம். 2023 டிசம்பர் 13 அன்று பார்வையாளர் மாடத்திலிருந்து இருவர் குதித்து மஞ்சள் புகை விட்டார்கள். அது எப்படி நடந்தது என்று உள்துறை அமைச்சர் சபையில் சொல்ல வேண்டும் என்று எதிர்க்கட்சிகள் கேட்டன. கேட்டவர்களில் இரு அவைகளிலுமாக 146 பேர் வெளியே போனார்கள். பெரும்பாலோர் தொடர் முடியும்வரை. அவர்கள் பெயரில் பட்டியலிலிருந்த கேள்விகளும் கூடவே போயின. 1860ஆம் வருஷத்துத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலான புதுச் சட்டம் மறுவாரம்தான், காலி இருக்கைகளின் முன்னே நிறைவேறியது. குதித்தவர்களுக்கு அனுமதிச் சீட்டுக்குப் பரிந்துரை தந்த உறுப்பினர் உள்ளேயே இருந்தார்.

எண்ணிக்கை என்றதும் 1999 ஏப்ரல் 17 நினைவுக்கு வருகிறது. ஜெயலலிதா ஆதரவை விலக்கிக்கொண்டபின் வாஜ்பாய் அரசு நம்பிக்கை கோரிய நாள். 269க்கு 270, ஒரு ஓட்டில் போயிற்று. பலகையில் எண் விழுந்ததும் மாடத்தில் பேனா கீழே விழுந்தால் கேட்கும். இரவு அண்ணாச்சி போன் செய்தார்: “இப்பத்தான்வே ஆளு எண்ணணும்.”

வெள்ளிக்கிழமை மதியம் தனிநபர் மசோதாக்களுக்கு. அன்றும் இன்றும் அந்த நேரத்தில் பாதிப் பேர் விமான நிலையத்தில் இருப்பார்கள். சுதந்திரத்துக்குப் பின் சட்டமான தனிநபர் மசோதாக்கள் 14. கடைசியாக நடந்தது 1970இல். 2015 ஏப்ரலில் திருநங்கையர் உரிமைக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த மசோதாவை மாநிலங்களவை நிறைவேற்றியது. 45 வருஷத்துக்குப் பிறகு அந்தச் சபையைத் தாண்டிய தனிநபர் மசோதா அதுதான். மக்களவையில் அது தேறவில்லை.

தமிழில் பேச விரும்பும் உறுப்பினர் அன்று முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர் கூண்டுக்கு வருவார். எதிரே அமைச்சர் ஹெட்போனை மாட்டாமல் தலையாட்டிக்கொண்டிருப்பார். 2025இல் சமஸ்கிருதம் உட்பட மேலும் ஆறு மொழிகளுக்கு உடனடி மொழிபெயர்ப்பு வந்தது. சமஸ்கிருதம் எந்த மாநிலத்தில் பேசப்படுகிறது என்று தயாநிதி மாறன் கேட்டார். சபாநாயகருக்குக் கோபம் வந்தது. நல்ல துணைக் கேள்வி. கேள்வி நேரத்தில் கேட்டிருந்தால் சீட்டு வந்திருக்கும்.

முதல் மக்களவை ஐந்து வருஷத்தில் 677 நாள் கூடியது. 1956இல் மட்டும் 151 நாள். 2024இல் முடிந்த 17ஆவது மக்களவை 274 நாள். முழுக்காலம் இருந்த மக்களவைகளில் இதுதான் மிகக் குறைவு. ஐந்து வருஷமும் துணை சபாநாயகர் கிடையாது. முடிவில் அதன் உற்பத்தித்திறன் 97 சதவீதம் என்று அறிவித்தார்கள். பள்ளிக்கூடத்தைப் பாதி நாள்தான் திறந்தோம், ஆனால் திறந்த அன்றைக்கு மணி சரியாக அடித்தோம் என்கிற கணக்கு.

ஒன்று மட்டும் இன்றைய ஏற்பாட்டில் எங்கள் காலத்தைவிட மேல். அன்று அந்தப் பதில் கட்டுகளைப் படித்தது நாங்களும் சில நூலகர்களும்தான். இன்று மக்களவையின் இணையதளத்தில் உறுப்பினர் பெயரைப் போட்டால் அவர் கேட்ட கேள்வி ஒவ்வொன்றும், அமைச்சர் தந்த பதில் ஒவ்வொன்றும் வந்து விழுகிறது; காசும் வேண்டாம், மாடத்து அனுமதியும் வேண்டாம். உங்கள் தொகுதிக்காரர் என்ன கேட்டிருக்கிறார் என்று இன்று இரவு பாருங்கள். பதிலைப் படித்ததும் உங்களுக்கே ஒரு துணைக் கேள்வி தோன்றும். அதை எழுதி அவருக்கு அனுப்புங்கள். 15 நாள் அவகாசம் வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.